உயரம் ஏற்றாமல் சேறு தாண்டுவது

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன், பண்ருட்டியில் பலா, கிள்ளைப் பக்கம் இறால், காட்டுமன்னார்கோயிலில் நெல் மூட்டை, சிதம்பரத்தில் உரமும் சிமென்ட்டும். இந்த மாவட்டத்தில் எதை நகர்த்த வேண்டுமென்றாலும் கடைசியில் ஒரு பிக்கப் வண்டியில்தான் வந்து நிற்கும். குட்டியானைக்கு அது பெரிய லோடு, லாரிக்குச் சின்ன லோடு. நடுவில் மாட்டிக்கொள்வது பத்துப் பன்னிரண்டு வயதான ஒரு பொலிரோ பிக்கப்போ, டாடா 207-ஓ.

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்குமான நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம் நெடுஞ்சாலையில் அந்த வண்டி அலட்டாமல் ஓடிவிடும். தகராறு கடைசி இரண்டு கிலோமீட்டரில். பி.முட்லூரில் திரும்பிப் பரங்கிப்பேட்டை தாண்டினால் அன்னங்கோவில் மணல். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் போனால் முடசலோடை இறங்குதளமும், அதைச் சுற்றி இறால் குட்டைக் கரைகளும். கொள்ளிடக் கரையில் பெராம்பட்டு, ஜெயங்கொண்டபட்டினம் பக்கம் வண்டல் களி. வீராணத்துக்குக் கிழக்கே சம்பா வயல்களுக்கு நடுவில் ஓடும் வாய்க்கால் கரை. ஐப்பசி பிறந்துவிட்டால் இதெல்லாம் பாதை என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சேறாகிவிடும்.

‘ஆஃப் ரோடு’ என்றதும் விளம்பரங்களில் வருவது பாறையும் மலையும். நம் பக்கம் வண்டியைச் சோதிக்கிற அளவுக்குப் பாறையும் இல்லை, மலையும் இல்லை. இங்கே வண்டியை நிறுத்துவது மூன்று: களிமண், உப்பு மணல், தண்ணீர். மலைக்குச் செய்யும் வேலைகளை இங்கே செய்தால் பணம் போகும், வண்டி அதே இடத்தில்தான் புதையும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. நாளைக் காலை இதே வண்டி முழு லோடோடு நெடுஞ்சாலையில் எண்பதில் ஓட வேண்டும். வருஷம் திரும்பினால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போய் நிற்க வேண்டும். ஆகவே என்ன மாட்டலாம் என்பதைவிட எதை மாட்டக் கூடாது என்று முடிவெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதல் செலவு, கண்ணுக்குத் தெரியாத செலவு

பழைய வண்டிக்குப் புதுச் சாமான் வாங்குமுன் வண்டி தயாரிப்பாளர் கொடுத்த நிலைக்குத் திரும்ப வேண்டும். சொல்லும்போது சப்பென்று இருக்கும். ஆனால் சேற்றில் புதைந்து இழுக்கப்படும் வண்டியில் உடைவது பெரும்பாலும் ஏற்கெனவே தளர்ந்திருந்த பாகம்தான்.

ஸ்பிரிங் பட்டையில் நடு போல்ட் அறுந்திருக்கிறதா, யு போல்ட் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, பட்டை முனையைத் தாங்கும் சாக்கிலின் புஷ் தேய்ந்து உலோகத்தோடு உலோகம் உரசுகிறதா என்று பாருங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஆடுகிறதா என்று கையால் முறுக்கிப் பார்த்தாலே தெரியும். ஸ்டியரிங்கில் வெற்றாட்டம் எவ்வளவு? கிளட்ச் ஏற்கெனவே நழுவுகிறதா? நழுவும் கிளட்ச்சோடு களிமண்ணில் இறங்கினால், அரை மணி நேரத்தில் அது முழுதாகவே கருகிவிடும்.

கடலோரத்து வண்டிக்கு இதைவிடப் பெரிய கேள்வி துரு. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வடியும் தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல, உப்புத் தண்ணீர். அது பாடியின் இடுக்கு வழியாக இறங்கிப் பின் ஸ்பிரிங் மேலும், சேஸிஸ் மேலும், பிரேக் குழாய் மேலும் ஆண்டுக்கணக்காகச் சொட்டுகிறது. இறால் குட்டைக் கரையில் ஓடும் வண்டிக்கும் இதே கதி. சேஸிஸின் உட்பக்கம், குறுக்குச் சட்டங்கள் சேரும் இடம், ஸ்பிரிங் தாங்கிகள் பொருந்திய இடம் ஆகியவற்றைச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். ‘டங்’ என்றால் இரும்பு இருக்கிறது. ‘பொத்’ என்றால் பெயின்ட் மட்டும்தான் இருக்கிறது. அப்படி ஒரு சேஸிஸுக்குப் புது டயர் வாங்குவதில் அர்த்தமில்லை. முதலில் அதை வெட்டி, தகடு வைத்து, தெரிந்த கையில் வெல்டிங் செய்யுங்கள்.

அடிப்பாகத்துக்குக் கறுப்புக் கோட்டிங் அடித்துக் கொடுக்கிறேன் என்று பலர் சொல்வார்கள். துருவைச் சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவைத்த பின் அடித்தால் அது நல்லது. துருவின் மேலேயே அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்த மாதிரி. வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு. சேஸிஸிலும் கதவின் அடியிலும் இருக்கும் வடிகால் துளைகளை அந்தக் கோட்டிங் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டை சேர்க்கும் ஆசை

‘ரெண்டு பட்டை சேர்த்துடலாம்ணே, வண்டி நல்லா தூக்கிக் குடுக்கும்’ என்பது பட்டறையில் முதலில் கிடைக்கும் யோசனை. செலவு குறைவு, மாலைக்குள் முடிந்துவிடும், வண்டி பார்க்கவும் மிடுக்காக நிற்கும். ஆசை புரிகிறது. ஆனால் உயரத்தைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிக்கப்பின் பின்பக்கம் தரைக்கு மிக அருகில் தொங்குவது எது? கிரவுன் என்று நாம் சொல்லும் டிஃபரன்ஷியல் இருக்கும் ஹவுசிங். அந்த ஹவுசிங் சக்கரத்தோடு கோக்கப்பட்டது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பாடியும் சேஸிஸும்தான் மேலே போகும். ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். சேற்றுத் தடத்தின் நடுவில் எழும்பி நிற்கும் மண்திட்டில் இடிக்கப் போவது குடம் போன்ற அந்த ஹவுசிங்தான். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர்.

நீளமான சாக்கில் மாட்டுவதும் அப்படித்தான். பட்டையின் ஒரு முனை மட்டுமே சாக்கிலில் தொங்குவதால், சாக்கிலை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஒரு அங்குலம்தான் ஏறும். அந்த ஒரு அங்குலத்துக்காக ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறும், கிராஸ் சீக்கிரம் தேயும், பிரேக் ஹோஸ் இழுபடும்.

பலரும் கவனிக்காத ஒன்று பிரேக்கில் இருக்கிறது. பல பிக்கப்புகளில் பின் ஹவுசிங்கிலிருந்து சேஸிஸுக்கு ஒரு சிறு கம்பி போகும். அது லோடைப் பார்த்துப் பிரேக்கைப் பங்கிடும் வால்வு. லோடு ஏறிச் சேஸிஸ் தாழ்ந்தால் பின்சக்கரத்துக்கு அதிக பிரேக் கொடுக்கும். காலி வண்டியாகச் சேஸிஸ் உயர்ந்து நின்றால், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்கப் பின்பிரேக்கைக் குறைக்கும். நீங்கள் ஸ்பிரிங்கை உயர்த்தியதும் அந்த வால்வு ஏமாந்துபோகிறது. ஒன்றரை டன் ஏற்றியிருந்தாலும் வண்டி காலி என்றே நினைத்துக்கொள்கிறது. ஆலப்பாக்கம் அருகே முன்னால் போகும் பேருந்து சட்டென்று நிற்கும்போதுதான் அதன் பலன் தெரியும். பட்டறையில் சிலர் அந்தக் கம்பியைக் கழற்றிக் கட்டிவிடுவார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

உடைந்த பட்டையை மாற்றுங்கள். தளர்ந்து நேராகிப்போன பட்டைகளை அடித்து வளைத்துப் பழைய உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பத்து வருஷ லோடில் வண்டி இழந்த உயரம் அதிலேயே கணிசமாகத் திரும்பிவிடும். கூடவே எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர்களையும், கரைந்துபோன ரப்பர் ஸ்டாப்பர்களையும் மாற்றுங்கள். உயர வேலை இதோடு முடிந்தது.

டயர்: பணம் போக வேண்டிய இடம்

கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கு டயருக்குப் போகட்டும். மண்ணைத் தொடுவது அது மட்டும்தானே.

முதலில் அளவு. டயரின் பக்கச்சுவரில் 215/75 ஆர்15 என்று இருந்தால் அகலம் 215 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம். கூட்டிப் பார்த்தால் முழு உயரம் ஏறக்குறைய 704 மில்லிமீட்டர். அதே ரிம்மில் 235/75 போட்டால் ஏறக்குறைய 734. முப்பது மில்லிமீட்டர் வித்தியாசம்; அதில் பாதிதான் ஹவுசிங்குக்குக் கிடைக்கும். ஆக லாபம் ஒன்றரை சென்டிமீட்டர். நஷ்டம் என்ன? வட்டம் நாலு சதவீதத்துக்கு மேல் பெரிதாகிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 62-க்கு மேல் போகிறீர்கள். எல்லா கியரும் அந்த அளவுக்குக் கனமாகிறது. சேற்றில் மெல்ல நகர வேண்டிய இடத்தில் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டியிருக்கும். லோடு ஏறி முழுதாகத் திருப்பினால் மட்கார்டில் உரசவும் கூடும். உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் அளவுகளுக்குள் பெரியது ஒன்று இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் பழைய அளவே போதும்.

அடுத்தது சுமை எண். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ‘ஆல் டெரெய்ன்’ என்று கடையில் அழகாக அடுக்கியிருக்கும் டயர்களில் பல, ஆள் ஏறும் எஸ்.யு.வி.க்காகச் செய்தவை. பக்கச்சுவரில் சுமை எண் 100 என்றிருந்தால் ஒரு டயர் தாங்குவது 800 கிலோ. 112 என்றிருந்தால் 1,120 கிலோ. பின்னால் இரண்டு டயருக்கும் சேர்த்து 1,600-க்கும் 2,240-க்கும் உள்ள தூரம் அது. நெல் மூட்டை ஏற்றும் வண்டிக்கு முதல் வகையை மாட்டினால், சித்திரை வெயிலில் தார் ரோட்டிலேயே வெடிக்கும். சேறு வரைக்கும் போக வேண்டியதில்லை. அளவோடு ‘எல்.டி.’ என்ற எழுத்துகளும், 8 பி.ஆர். போன்ற பிளை எண்ணும் உள்ள, பழைய டயருக்குக் குறையாத சுமை எண் கொண்டதைக் கேட்டு வாங்குங்கள்.

பட்டன் பட்டனாக இடைவெளி விட்ட ‘மட் டெரெய்ன்’ டயர் தேவையா? தினமும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு வேண்டாம் என்பேன். இரைச்சல், சீக்கிரத் தேய்மானம் எல்லாம் சகித்துக்கொள்ளலாம். ஆனால் தார் ரோடு மழையில் நனைந்திருக்கும்போது பிரேக் பிடித்தால் அது நிற்க எடுக்கும் தூரம் அதிகம். ஆண்டில் இரண்டு மாதச் சேற்றுக்காகப் பன்னிரண்டு மாத பிரேக்கை விற்க முடியாது.

இதற்கு லாரிக்காரர்கள் நெடுங்காலமாகக் கையாளும் வழி ஒன்று இருக்கிறது: முன்னால் ரிப் டயர், பின்னால் லக் டயர். ரிப்பில் நீளவாக்கில் ஓடும் வரிகள் ஸ்டியரிங்குக்கு நேராகக் கேட்கும். லக்கில் குறுக்கே வெட்டிய ஆழமான கட்டைகள் மண்ணைப் பிடித்து உந்தும். நம் பக்கப் பிக்கப்புகளில் பெரும்பாலானவை பின்சக்கரம் மட்டும் இழுப்பவை என்பதால் இந்தச் சோடி அதற்கு அப்படியே பொருந்தும். விலையும் நியாயம், சுமையும் சரி, எஃப்.சி.யிலும் கேள்வி வராது. நான் ஓட்டுநராக இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

வாங்கும்போது டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. கடையில் வெகுநாள் தூங்கிய டயரைத் தள்ளுபடியில் வாங்குவதில் லாபமில்லை. ரீட்ரெட் செய்த டயரை நெடுஞ்சாலை லோடுக்கு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மணலுக்காகக் காற்றை இறக்கி ஓட்டப் போகிறீர்கள் என்றால் அது சரிவராது. சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும்போது ஒட்டிய தோல் கழன்றுவிடும்.

காற்று

ஏறக்குறைய காசு செலவில்லாத மேம்பாடு டயரின் காற்றைக் குறைப்பது ஒன்றுதான். தேவனாம்பட்டினத்திலோ சாமியார்பேட்டையிலோ மணலில் புதைந்த பிக்கப்பைச் சுற்றி நாலு பேர் தள்ளிக்கொண்டிருப்பார்கள். டயரில் லோடுக்கு அடித்த காற்று கல் மாதிரி அப்படியே இருக்கும். காலி வண்டியில் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் மணலில் படும் தடம் நீளமாகிறது. அகலம் கொஞ்சம்தான் கூடும். நீளம்தான் நன்றாகக் கூடும். எடை அதிக இடத்தில் பரவுவதால் டயர் தோண்டாமல் மேலே நடக்கிறது. லோடு இருந்தால் அவ்வளவு இறக்கக் கூடாது. பாதி லோடுக்கு முப்பதை ஒட்டி வைத்துக்கொள்ளலாம். காற்று குறைந்திருக்கும்போது இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள், சட்டென்று வெட்டித் திருப்பாதீர்கள். டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

இதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. காற்றை இறக்குகிறவன் திரும்ப ஏற்ற வழி வைத்திருக்க வேண்டும். பாட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரஸர் ஒன்றும், நம்பகமான காற்றுமானி ஒன்றும் வண்டியில் இருக்கட்டும். அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் அப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்து லோடோடு நெடுஞ்சாலை ஏறினால், புது டயரின் சுவர் ஒரே நாளில் பாழ்.

களிமண்ணுக்கு மணல் பாடம் முழுதாகப் பொருந்தாது. கொள்ளிட வண்டல் மேலே ஒரு சாண் வழவழப்பு, கீழே கெட்டி என்றிருந்தால் ஒடுங்கிய டயர் அதை வெட்டிக்கொண்டு அடிவரை இறங்கிப் பிடிக்கும். அடியே இல்லாத உளையாக இருந்தால் எந்த டயரும் உதவாது. இறங்குமுன் ஒரு கம்பை ஊன்றிப் பாருங்கள். அதைவிட நல்ல கருவி இல்லை. களியில் சக்கரம் ஒருமுறை சுழல ஆரம்பித்துவிட்டால் அது தடத்தை மெழுகிப் பளபளப்பாக்கிவிடும். உடனே காலை எடுத்து, வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். காலி பிக்கப்பின் பின்பக்கம் இறகு மாதிரி லேசு. ஹவுசிங்குக்கு நேர் மேலே நாலு மணல் மூட்டை கிடந்தால் பிடிமானம் தெளிவாகக் கூடும்.

ஒரு பின்சக்கரம் மட்டும் சுழன்று மற்றது சும்மா நிற்பது சாதா கிரவுனின் இயல்பு. கைபிரேக் பின்சக்கர டிரம்மைப் பிடிக்கும் வண்டிகளில் அதை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்துப் பிடித்து மெல்ல ஆக்ஸிலேட்டர் கொடுத்தால், சுழலும் சக்கரத்துக்குத் தடை விழுந்து, நிற்கும் சக்கரத்துக்கு விசை போகும். பல சமயம் அதுவே வெளியே கொண்டுவந்துவிடும்.

தண்ணீர்

2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து 1.5 லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணை ஊருக்குள் புகுந்த வெள்ளம். கடலூர்க்காரருக்குத் தண்ணீரில் வண்டி ஓட்டுவது சாகசம் அல்ல, சில வருஷம் வேறு வழியே இருக்காது. ஆகவே இதற்காகச் செய்யும் வேலைதான் இந்த வட்டாரத்துக்கு உண்மையான ஆஃப் ரோடு வேலை.

தண்ணீர் முதலில் கெடுப்பது என்ஜினை அல்ல, கிரவுனை. பத்து கிலோமீட்டர் ஓடிவந்த ஹவுசிங் சூடாக இருக்கும். அதைக் குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சப் பார்க்கும். ஹவுசிங்கின் மேல் அந்தக் காற்றுப் போக்குவரத்துக்காகவே ஒரு சிறு மூச்சுத்துளை உண்டு. அது தண்ணீருக்கு அடியில் இருந்தால் தண்ணீரை உறிஞ்சும். சேறு அடைத்திருந்தால் ஹப் சீல் வழியாக உறிஞ்சும். வெயில் காலத்தில் அதே அடைப்பு எதிர்வேலை செய்யும்: உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெயைச் சீல் தாண்டித் தள்ளி, பிரேக் ஷூவை நனைக்கும். பின்பிரேக் பிடிக்கவில்லை என்று ஷூவை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஒருமுறை இந்த மூச்சுத்துளையைப் பார்க்கலாம்.

தீர்வு மிக மலிவு. மூச்சுத்துளையின் மூடியை எடுத்துவிட்டு, எண்ணெய் தாங்கும் ரப்பர் ஹோஸ் ஒன்றைப் பொருத்தி, கேபின் பின்சுவரில் ஜன்னல் உயரத்துக்கு ஏற்றி, முனையைக் கீழ்நோக்கி வளைத்துச் சிறு ஃபில்டர் மாட்டுங்கள். ஹவுசிங் மேலும் கீழும் ஆடும் என்பதால் ஹோஸ் நடுவில் கொஞ்சம் தளர்வு இருக்கட்டும். கியர் பாக்ஸுக்கும் இதே மாதிரி மூச்சுத்துளை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு புது டயர் விலையில் சிறு பங்குகூட ஆகாது. இந்தக் கட்டுரையில் சொல்லும் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

என்ஜின் விஷயம் எளிது: ஏர் ஃபில்டர் காற்று இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்று பானெட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள். அந்த உயரம்தான் உங்கள் எல்லை என்று நினைக்காதீர்கள். ஃபேன் தண்ணீரை அள்ளி வீசும், முன்னால் அலை எழும். எல்லை அதைவிட மிகக் கீழே. சக்கரத்தின் நடு உயரத்தோடு நிறுத்திக்கொள்வது புத்தி. உள்ளே தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் என்ஜின் நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். இழுத்து வெளியே கொண்டுவந்து, காற்றுக்குழாயைத் திறந்து பார்த்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

நிற்கும் தண்ணீர் வேறு, ஓடும் தண்ணீர் வேறு. முழங்காலுக்குக் கீழே, ஒரு அடி ஓடும் நீர் சிறு காரை நகர்த்தும். இரண்டு அடி பெரும்பாலான வண்டிகளை, பிக்கப்பையும் சேர்த்து, அடித்துக்கொண்டு போகும். தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடும்போது பாலம் கீழே இருக்கிறதா என்பதே தெரியாது. இதற்கு எந்த மேம்பாடும் கிடையாது. வண்டியைத் திருப்ப வேண்டியதுதான்.

வெளியே வந்ததும் மெல்ல ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாகப் பலமுறை அழுத்தி டிரம்மைக் காயவையுங்கள். அன்று மாலையே கிரீஸ் நிப்பிள்கள் அத்தனையிலும் புதுக் கிரீஸ் அடியுங்கள். உள்ளே புகுந்த தண்ணீரையும் மணலையும் அது வெளியே தள்ளும். கடல் மணலில் ஓடியிருந்தால் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவாமல் இரவு நிறுத்தாதீர்கள்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் மாட்டும் கனமான இரும்பு கார்டுகளை 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சட்டவிரோதம் என்று சுற்றறிக்கை விட்டுவிட்டது. ஆள் மேல் மோதினால் உயிர் போகும், வண்டியின் முன்பக்கம் மடங்கி விசையைத் தாங்கும் அமைப்பும் கெடும்.

மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதன்பின் ஆண்டுதோறும். பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிற்கும் அன்றைக்கு மட்டும் கூடுதலாக மாட்டியதைக் கழற்றி வைத்துவிட்டு மறுநாள் மாட்டிக்கொள்ளும் பழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் விபத்து எஃப்.சி. தேதி பார்த்து வருவதில்லை; சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை இழுத்தடிக்க முடியும். மேலே சொன்ன டயர், பட்டை, மூச்சுக்குழாய், துரு வேலை இவற்றில் எதுவுமே வண்டியின் அமைப்பை மாற்றுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இனி, கடையில் ஆசை காட்டும் மற்றச் சாமான்கள். எல்.இ.டி. பட்டை விளக்கு வேண்டாம். எதிரே வருபவன் கண் கூசி உங்கள் மேலேயே வருவான். மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடியை மாற்றி, நல்ல வயரும் ரிலேயும் போட்டாலே பழைய வண்டியின் வெளிச்சம் கண்கூடாகக் கூடும். என்ஜினுக்கு அடியில் தகடு பண்ருட்டி முந்திரித் தோப்புக் கட்டைகளுக்கு நடுவே ஓடுபவர்களுக்குப் பயன்படும்; களிமண் பக்கம் அது சேற்றை அள்ளி வைத்துக்கொள்ளும் தட்டாகிவிடும். என்ஜினுக்குக் காற்று இழுக்கக் கூரை உயரத்துக்கு ஏறும் ஸ்நார்க்கல் குழாயும் வேண்டாம்.

வின்ச்? டெல்டாவில் வின்ச் எதற்கு? கூப்பிடு தூரத்தில் டிராக்டர் இருக்கிறது. நம் வண்டிக்கு வேண்டியது அந்த டிராக்டர் பத்திரமாக இழுக்கக் கூடிய ஒரு கொக்கி. தார்ப்பாய் கட்டும் வளையத்திலும், பம்பரிலும், ஸ்பிரிங்கிலும் கயிறு மாட்டி இழுப்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். வண்டி லோடோடு மூன்று டன் வரை வரும். சேற்றின் உறிஞ்சலையும் சேர்த்தால் இழுவிசை அதைத் தாண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சேஸிஸில் பின்தகடு வைத்து உயர்தர போல்ட்டால் முடுக்கிய கொக்கி வேண்டும். துளை போடாமல் தயாரிப்பாளர் விட்ட துளைகளிலேயே மாட்ட முடிந்தால் இன்னும் நல்லது. சங்கிலிக்குப் பதில், தாங்கும் டன் அளவு அச்சிட்ட பாலியெஸ்டர் பட்டை வாங்குங்கள். இழுக்கும்போது பட்டையின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவையுங்கள். அறுந்தால் அதன் வேகத்தைச் சாக்கு அமுக்கும். சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பட்டையின் நீளத்தைவிடத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சொன்னால் கேட்க மாட்டார்கள். கேட்கும்வரை இழுக்காதீர்கள்.

டிராக்டரைக் கூப்பிடுமுன் லோடை இறக்கிப் பாருங்கள். பாதி நேரம் அதுவே போதும். மண்வெட்டி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒன்றரை அடிச் சதுரப் பலகை, நாலைந்து காலிச் சாக்கு ஆகியவை எப்போதும் சீட்டுக்குப் பின்னால் இருக்கட்டும். சக்கரத்துக்கு அடியில் தென்னை மட்டை போடுவது நல்ல பழக்கம்தான். வைக்கோலைப் போட்டால், வெளியே வந்ததும் இறங்கி ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டிலும் சைலன்சரிலும் சுற்றியிருப்பதைப் பிடுங்கிவிடுங்கள். காய்ந்தபின் அது தீப்பிடிக்கும்.

வேலைகளை எப்போது செய்வது என்றால், ஆடியில் துருவும் பட்டையும், ஆவணியில் மூச்சுக்குழாயும் கொக்கியும், புரட்டாசி கடைசியில் டயர். டயரைக் கடைசிக்குத் தள்ளுவதற்குக் காரணம், புதுக் கட்டைகளின் ஆழம் முழுசாக ஐப்பசி, கார்த்திகைக்குக் கிடைக்கட்டும் என்பதுதான். தை பிறந்து பாதை காய்ந்ததும் ஹவுசிங்கின் பக்கவாட்டு பிளக்கைத் திறந்து விரலை விட்டு எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். தெளிவாக இருந்தால் மூடிவிடலாம். டீ நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அன்றே முழுவதையும் வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுங்கள், ஹப் சீலையும் மாற்றுங்கள்.